சுவரில் பூக்கும் உப்பு

பெருநகரங்களில் பேஸ்மெண்ட் என்றால் நிலத்துக்குக் கீழே உள்ள அறை. தொண்டி, மண்டபம், கீழக்கரைப் பக்கத்துக் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்வதோ, நிலமட்டத்திற்கும் வீட்டுத் தரைக்கும் இடையே கட்டி உள்ளே மண் நிரப்பும் மேடையை. சில அடி தோண்டியதுமே உவர்நீர் ஊறும் இடங்கள் இக்கடற்கரையில் பல என்பதால், நிலவறை கேட்டு வருபவர்களை நான் தடுத்துவிடுவதே வழக்கம். ஆனால் பேஸ்மட்டத்தை எவரும் தவிர்க்க முடியாது. ஓதம், அதாவது நிலத்திலிருந்து சுவருக்குள் ஊறும் ஈரம், ஏறுவதும் அதன் வழியாகத்தான்.

கீழக்கரைக்கு அருகே ஒரு பெரியவர் தம் வீட்டுச் சுவரைக் காட்டி, “மூன்று தடவை பூசிவிட்டேன் தம்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் மேலே போகிறது” என்றார். அவர் பூசியது கெட்டியான சிமெண்ட் கலவை; கடைசியாக அதன்மேல் டைல்ஸும் ஒட்டியிருந்தார். செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. ஆவியாக வெளியேறும் வழியை அடைத்துவிட்டால், அந்த நீர் அடைப்பில்லாத உயரத்தைத் தேடி ஏறத்தான் செய்யும்.

நீரோடு உப்பும் ஏறுகிறது. நீர் காய்ந்தாலும் உப்பு போவதில்லை. அது படிகமாகும்போது பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளிப் பொரிய வைக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீர்விடும் என்பதை, கார்த்திகை மாதத்தில் அடுப்படி உப்புச் சாடியைத் திறந்தவர்கள் அறிவார்கள். மழை பெய்யாத நாளிலும் சுவர் நனைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதாகக் கட்டுவோர், பேஸ்மட்டத்தின் தலையில் சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளியின்றி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த 1:3 (ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல்) சிமெண்ட் காரையை 25 மில்லிமீட்டர் கனத்தில் இட வேண்டும். வெளிப்பூச்சு அதைத் தாண்டி மண்ணைத் தொட்டால் அந்தத் தடுப்பு வீண். ‘உள்ளேதானே போகிறது’ என்று கடல் மணலை நிரப்புவது, உப்பை நாமே விலை கொடுத்து வாங்கி வைப்பதற்குச் சமம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குரிய நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, ஆகவே கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெரியவர் வீட்டில் டைல்ஸையும் பூச்சையும், ஓதம் தெரிந்த உயரத்துக்கு மேலும் ஒன்றரை அடி வரை கொத்தி எடுத்தோம். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் செங்கல்லுக்குள் போய்விடும் என்பதால், தண்ணீர் தொடாமல் உலர்ந்த தூரிகையால் மட்டும் தேய்த்து, உதிர்ந்ததை முற்றத்தில் விடாமல் அள்ளி அகற்றினோம். தை முதல் சித்திரை வரை சுவர் வெறுமனே நின்றது; வீட்டாருக்கு அதுதான் பெரும் சங்கடம். அதன்பின் பூசியது, ஈரம் ஆவியாக வெளியேற வழிவிடும் சுண்ணாம்புக் காரை.