முட்டி அளவு தண்ணியிலதானே சார் நின்னேன்!

போன திங்கக்கிழமை காலைல என் கேமரா ரிப்பேர் கடை ஷட்டரை பாதிதான் தூக்கியிருந்தேன், அதுக்குள்ள ஒருத்தர் குனிஞ்சு உள்ள வந்து ஒரு ஜிப் கவரை டேபிள் மேல வெச்சார். கவர் முழுக்க அரிசி, நடுவுல ஒரு வாட்டர்புரூஃப் காம்பேக்ட் கேமரா. இந்த மாசம் எனக்கு வந்த மூணாவது அரிசிக் கவர் இது. அதனாலதான் எழுத உக்காந்தேன், எங்கயாவது கோவம் தெரிஞ்சா பொறுத்துக்கோங்க.

"சார், பாக்ஸ்லயே 15 மீட்டர் ஆழம் தாங்கும்னு போட்டிருக்கு. நான் கோவளம் பீச்ல முட்டி அளவு தண்ணியிலதானே சார் நின்னேன்? பொண்ணு அலையில விளையாடினா, நாலு போட்டோ எடுத்தேன், அஞ்சாவதுல ஸ்கிரீன் போயிடுச்சு."

சரின்னு பேட்டரி மூடியத் திறந்தேன். ரப்பர் காஸ்கெட் மேல குறுக்கால ஒரு நீல நூல், அரை இஞ்ச் கூட இருக்காது. அவர் போட்டிருந்த சட்டையும் அதே நீலம்! தினமும் பாக்கெட்ல போட்டுட்டு ஆபீஸ் போறாராம், பாக்கெட் பஞ்சும் நூலும் மூடி இடுக்குல ஒட்டியிருக்கு, அதோட மேல மூடி லாக் போட்டிருக்கார். உள்ள போர்டு பூரா பச்சைக் களிம்பு. சனிக்கிழமை மத்தியானம் உப்புத்தண்ணி போனது, ரெண்டு நாள் பேட்டரியோடயே அரிசிக்குள்ள தூங்கியிருக்கு.

இங்கதான் எனக்கு பொறுமை போகுது. 15 மீட்டர்ங்கறது என்னமோ கேமராவுக்கு கொடுத்த வரம் மாதிரியும், முட்டி அளவுன்னா அதுல முப்பதுல ஒரு பங்குதானே அதனால முப்பது மடங்கு பத்திரம்ங்கற மாதிரியும் எல்லாரும் கணக்கு போடறாங்க. அந்த நம்பர் சொல்றது என்னன்னா, காஸ்கெட் சுத்தமா, சரியா உக்காந்திருந்தா, அசையாத நல்ல தண்ணியில அந்த ஆழத்து அழுத்தத்தை தாங்கும், அவ்வளவுதான். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது, 15 மீட்டர்னா ஒன்றரை. காஸ்கெட் ஒழுங்கா இருந்தா அந்த அழுத்தமே மூடிய இன்னும் இறுக்கமா அமுக்கி வெக்கும். காஸ்கெட் மேல ஒரு நூல் கிடந்தா? நூல் திரி மாதிரி, விளக்குல எண்ணெய் எப்படி ஏறுதோ அப்படி தண்ணிய உள்ள இழுத்துக்கும். அதுக்கு ஆழமே வேணாம், பக்கெட் தண்ணி போதும், மழை போதும்.

உங்க வீட்டு குக்கர நினைச்சுப் பாருங்க. விசில் வரலைன்னா என்ன பண்ணுவீங்க? காஸ்கெட்ல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கான்னு பாப்பீங்க, கழுவிப் போடுவீங்க, லூஸாயிட்டா புதுசு வாங்குவீங்க. "இது 5 லிட்டர் குக்கர், நான் அரை லிட்டர்தானே வெச்சேன், எப்படி ஆவி லீக் ஆகும்"னு யாராவது கேப்பீங்களா? கேமராவுக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி? 800 ரூபா குக்கருக்கு இருக்கிற மரியாதை 45,000 ரூபா கேமராவுக்கு இல்ல, இதுதான் என் ஆத்திரமே.

இன்னொன்னு, இத யாருமே யோசிக்கறதில்ல. ஸ்கூபா டைவிங் போறவங்க கேமரா என்கிட்ட தண்ணி போய் வர்றது கம்மி. ஏன்னா அவங்க வருஷத்துல பத்து தடவை மூடி திறப்பாங்க, ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சு காஸ்கெட்ட பாத்துட்டுதான் மூடுவாங்க. அன்னாடம் யூஸ் பண்றவர் தினமும் சார்ஜ் போட திறப்பார், கார்டு எடுக்க திறப்பார், ஈரக் கையோட திறப்பார், பஸ்ஸுல திறப்பார். வருஷத்துக்கு 300 தடவை திறந்து மூடற கதவு அது. அப்போ யாரு அதிகமா பயப்படணும்? கடல்ல குதிக்கறவரா, சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு திரியறவரா?

இதுக்காக அந்தக் கேமராவ வாங்காதீங்கன்னு சொல்ல வரல. நானே ஒலிம்பஸ் கம்பெனியோட வாட்டர்புரூஃப் கேமரா, பழைய டிஜி-5 ஒண்ணு வண்டிப் பையில வெச்சிருக்கேன், 2017 மாடல், இன்னிக்கும் மழைல நனைஞ்சுகிட்டே எடுப்பேன். சாதாரண காம்பேக்ட் கேமராவெல்லாம் எங்ககிட்ட வந்தது பெரும்பாலும் லென்ஸ் எரர்னுதான், வெளிய நீண்டு வர்ற லென்ஸ் இடுக்குல ஒரு மணல் போனா முடிஞ்சது. இந்த ரக கேமராவுல லென்ஸ் வெளியவே வராது, ஜூம் எல்லாம் பாடிக்குள்ளயே, அதனால தூசி மணல் பிரச்சனை பாதி அங்கயே போயிடுது. டிஜி வரிசைல 1 சென்டிமீட்டர் கிட்ட போய் எடுக்கற மைக்ரோஸ்கோப் மோட் இருக்கு பாருங்க, மார்கழில கோலமாவு மேல எறும்பு ஊர்றத எடுத்துப் பாத்தா அதுக்கே காசு கொடுக்கலாம். சிவில் இன்ஜினியருங்க சைட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க, சிமெண்ட் கையோட புடிச்சாலும் கழுவிக்கலாம்.

ஆனா கல்யாண ரிசப்ஷன் மண்டபத்துல ராத்திரி போட்டோ எடுத்துட்டு "போன்ல இதவிட நல்லா வருதே"ன்னு சண்டைக்கு வராதீங்க. வரும்தான். வெளிச்சத்தப் படமா மாத்தற சிப், அதான் சென்சார், இதுல 1/2.3 இஞ்ச்தான், பெரிய கேமராவுல வர்ற முழு ஃப்ரேம் சென்சார்ல முப்பதுல ஒரு பங்கு பரப்பு, டிஜி-5, 6, 7ல வெறும் 12 மெகாபிக்சல். இப்போ வர்ற நல்ல போன்ல மெயின் கேமரா சென்சாரே இதவிட பெருசு. வெளிச்சத்துல எடுங்க, ஜூம் போடாம எஃப்2ல, அதாவது லென்ஸ் துவாரம் முழுசா திறந்த நிலைல எடுங்க, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலப்படம்) இருந்தா ரா-ல எடுங்க, இதோட விட்ருங்க.

போன்னு சொன்னதும் ஞாபகம் வருது. "என் போன் ஐபி68 சார், அதுவே போதும்"னு, தூசி தண்ணி தாங்கற ரேட்டிங்கச் சொல்றவங்களும் உண்டு. ஐபோன் 12ல இருந்து 6 மீட்டர், 30 நிமிஷம்னு போட்டிருக்கு, உண்மைதான். தண்ணி போய் வர்ற டேமேஜ் வாரண்டில கிடையாதுன்னும் அதே கம்பெனிதான் எழுதியிருக்கு. அதையும் சேத்துப் படிங்க.

அப்புறம் குற்றாலம். சீசன் ஆரம்பிச்சாலே எனக்கு பயம். 15 மீட்டர் கேமராவ மெயின் அருவிக்கு நேர கீழ நீட்டறாங்க. நிக்கற தண்ணிக்கு டெஸ்ட் பண்ண பொருள், மேல இருந்து அடிச்சு விழற தண்ணிக்கு இல்ல. அருவில, வேகமா ஓடற ஆத்துல காட்டாதேன்னு நிறைய கம்பெனி மேனுவல்லயே இருக்கும், கேமராவோட குதிக்காதேன்னும் இருக்கும். அது பத்தாதுன்னு எண்ணெய் மசாஜ் பண்ணின கையோட மூடியத் திறந்து பேட்டரி மாத்தறது. எண்ணெயில மணல் ஒட்டும், மணல் காஸ்கெட்ல உக்காரும், மீதிய நான் சொல்லணுமா? கண்ணாடி மேலயும் அதே எண்ணெய், அப்புறம் "போட்டோ எல்லாம் மங்கலா வருது, லென்ஸ் போயிடுச்சா"ன்னு போன். தொடைங்கய்யா!

இன்னும் ஒண்ணு வெயில். வண்டி சீட்டுக்கு அடியில டிக்கில போட்டு மே மாசம் மூணு மணி நேரம் பார்க் பண்றீங்க. ரப்பர் சாகும், பேட்டரி உப்பும் (டூப்ளிகேட் பேட்டரின்னா சீக்கிரமே உப்பி வெளிய வராம மாட்டிக்கும், அத எடுக்கறதுக்குள்ள என் நகம் போயிடும்). அந்த சூட்டோட ஸ்விம்மிங் பூல்ல முக்கினா உள்ள இருக்கற காத்து சட்டுனு சுருங்கும், எங்கயாவது சின்ன ஓட்டை இருந்தா தண்ணிய உறிஞ்சிக்கும். ஓட்டையே இல்லைன்னாலும் உள்ள இருக்கற ஈரக்காத்து கண்ணாடில பனி மாதிரி படியும். சென்னைக் காத்துல மூடியத் திறந்து மூடினா அந்த ஈரத்தையும் சேத்துதான் உள்ள பூட்டறீங்க. அதனால வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி ஏசி ரூம்ல வெச்சு திறங்க, அங்கயே மூடுங்க. ஏசி காத்து காய்ஞ்ச காத்து.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. மூடி திறக்கறத குறைங்க, போட்டோவ வைஃபைல போனுக்கு மாத்துங்க, பெரிய கார்டா போடுங்க. திறந்தா மூடறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல காஸ்கெட்ட ஒரு சுத்து பாருங்க, பஞ்சு வராத துணியால தொடைங்க, டிஷ்யூ பேப்பர் வேணாம், அதுவே பஞ்சு விடும். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் காஸ்கெட்ல தடவாதீங்க, யாரு சொல்லிக் கொடுத்தாலும் சரி. சார்ஜ் போடற மூடி, பேட்டரி மூடி ரெண்டு தனித்தனியா இருக்கற மாடல்ல ரெண்டையும் பாருங்க, ஒண்ண மட்டும் லாக் பண்ணிட்டு கடல்ல இறங்கினவர் கதை என்கிட்ட நிறைய இருக்கு. கடல்ல இருந்து வந்ததும் மூடி திறக்காம ஒரு பக்கெட் நல்ல தண்ணில 10 நிமிஷம் போடுங்க, பட்டன் எல்லாத்தையும் ரெண்டு தடவை அமுக்குங்க, உப்பு வெளிய வரட்டும். பைப்புக்கு அடியில புடிச்சு ஃபோர்ஸா கழுவாதீங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை காஸ்கெட் மாத்தணும்னு கம்பெனியே சொல்லுது, இங்க யாரும் மாத்தறதில்ல. 2 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தாங்கும்னு போட்டிருப்பான், சரி, கேமரா வேலை செய்யும், ஆனா விழுந்த கேமராவோட மூடி அதே மாதிரி உக்காருமான்னு எவனும் எழுதிக் கொடுக்க மாட்டான். கீழ விழுந்துச்சுன்னா தண்ணி பக்கம் கொண்டு போறதுக்கு முன்னாடி காட்டுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா அது வாட்டர்புரூஃப் இல்லைன்னே வெச்சுக்கோங்க. நிக்கான் டபிள்யூ300, பானசோனிக் எஃப்டி7 எல்லாம் நல்ல கேமராதான், 30 மீட்டர், 31 மீட்டர்னு வந்தது, ஆனா கடைல இப்போ புதுசு கிடையாது, காஸ்கெட்டுக்கு நானே அலையறேன். ஒலிம்பஸ் டிஜியும் 2021ல கேமரா பிசினஸ் கைமாறினப்புறம் ஓஎம் சிஸ்டம்ங்கற பேருலதான் வருது, டிஜி-7 அப்படி வந்ததுதான், பார்ட்ஸ் கேக்கும்போது பழைய பேரச் சொல்லி ஏமாறாதீங்க.

சந்தடி சாக்குல ஒண்ணு: டிஜி-5, டிஜி-6 வெச்சிருக்கவங்க "பேட்டரி நிக்கவே இல்ல"ன்னு கொண்டு வந்தா நான் முதல்ல பாக்கறது மேல இருக்கற லாக் ஸ்விட்ச், பூட்டற லாக் இல்ல, ஜிபிஎஸ் பதிவு பண்றது. பையில உரசி ஆன் ஆகி, கேமரா ஆஃப்ல இருந்தாலும் சாட்டிலைட்ட தேடிக்கிட்டே இருக்கும். தள்ளி விட்டா போதும், எனக்கு காசு வேணாம்.

தண்ணி போயிடுச்சா? ஆன் பண்ணிப் பாக்காதீங்க. சார்ஜ் போடாதீங்க. அப்பவே பேட்டரிய கழட்டுங்க, கார்ட எடுங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க, அன்னிக்கே கொண்டு வாங்க. அரிசி ஈரத்த உறிஞ்சும்னு வெச்சுக்கிட்டாலும் உப்ப உறிஞ்சாது, தண்ணி காய்ஞ்சப்புறம் உப்பு போர்டு மேலயேதான் உக்காந்திருக்கும், கரண்ட் போனா அரிக்கும். அரிசில போட்ட ரெண்டு நாள் நமக்கு போன ரெண்டு நாள்.

அவர் கேமரா தேறல. போர்டு மாத்தற செலவுக்கு கூடக் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கலாம்னு சொல்லிட்டேன். கார்ட மட்டும் சுத்தம் பண்ணி காய வெச்சு போட்டுப் பாத்தேன், நாலு போட்டோவும் இருந்துச்சு, பொண்ணு வாய் நிறைய சிரிப்போட அலைக்கு முதுகு காட்டி நிக்குது. அத பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தேன், பில் போடல. அரிசியையும் திருப்பிக் கொடுத்தேன், நல்ல பழைய பொன்னி.