கரஸ், தொலைதூரக் கல்வி, தொலைநிலைக் கல்வி: எந்தச் சொல் சரி?

டிகிரி முடிச்சேன்னு சொன்னா நம்ம ஊர்ல அடுத்த கேள்வி "ரெகுலரா, கரஸா?"தான். கரஸ்னா கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ். யுனிவர்சிட்டி போர்டுல அந்தப் பேர் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு, நம்ம வாயிலதான் இன்னும் இருக்கு.

அந்தச் சொல்லோட வேர் லத்தீன், 'ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்றது'ன்னு அர்த்தம். அதாவது கடுதாசி போனா மட்டும் பத்தாது, பதிலும் வரணும். 1840ல இங்கிலாந்துல ஐசக் பிட்மன் தபால்லயே சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தார், மாணவங்க எழுதி அனுப்புறதைத் திருத்தி மறுபடி அவங்களுக்கே அனுப்புவார், ஒரு பென்னி காசுக்குக் கடுதாசி போற தபால் முறையும் அங்க அதே வருஷம்தான் வந்துச்சு, அதனால செலவும் கம்மி.

இந்தியாவுல 1962ல டெல்லி யுனிவர்சிட்டி இதைத் தொடங்குச்சு. தமிழ்ல அஞ்சல் வழிக் கல்வின்னு பேர் வெச்சோம். நல்ல தமிழ்தான், ஆனா அதுல தபால் இருக்கு, பதில் இல்ல. எங்க அக்கா இப்படித்தான் பி.ஏ. படிச்சா, புக்கு கட்டு ஒரு தடவை வந்துச்சு, அவ ராத்திரி முழிச்சு எழுதி அனுப்புன அசைன்மென்ட் ஒண்ணுகூட திருத்தி வரல, நேரா எக்ஸாம்தான். அது இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல.

அப்புறம் ரேடியோ, கேசட், டிவி எல்லாம் பாடத்துக்குள்ள வந்ததும் வெறும் கடுதாசிப் பேர் பொருந்தல. இந்தத் துறையோட உலக அமைப்பு 1938லேர்ந்து இருந்த கரஸ்பாண்டன்ஸ்ங்கிற பேரை 1982ல டிஸ்டன்ஸ் எஜுகேஷன்னு மாத்துச்சு. அதே வருஷம் ஹைதராபாத்ல ஆந்திரப் பிரதேச ஓபன் யுனிவர்சிட்டி வந்துச்சு, 1985ல இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

டிஸ்டன்ஸுக்குத் தமிழ்ல தொலைதூரம்னு போட்டாங்க. தொலைவுன்னாலே தூரம்தானே, தூரம்ங்கிறது வடசொல், ரெண்டும் ஒரே பொருள். பேச்சுல 'ரொம்ப தூரம்'னு அழுத்திச் சொல்ல அது சரி, ஆனா தொலைதூரப்பேசின்னு யாரும் சொல்றதில்லையே, தொலைபேசிதான். அதுவுமில்லாம காலேஜுக்கு அடுத்த தெருவுல கடை வெச்சிருக்கிறவரும் இதுல படிக்கிறார். கிலோமீட்டர் இங்க விஷயமே இல்ல, வாத்தியாரும் மாணவரும் ஒரே ரூம்ல இல்லாம படிப்பு நடக்குற முறைதான் விஷயம். அதனால தொலைநிலைக் கல்விதான் என் பார்வையில சரியான சொல், திறந்தநிலைங்கிற சொல்லோடவும் ஜோடியா நிக்குது.

ஆனா திறந்தநிலையும் தொலைநிலையும் ஒண்ணு இல்ல, இதை எல்லாரும் குழப்பிக்கிறாங்க. திறந்தநிலைன்னா சேர்றதுக்கான கதவைத் திறந்து விடுறது, பிளஸ் டூ இல்லாதவங்களையும் சேர்த்துக்கிற மாதிரி. தொலைநிலைங்கிறது பாடம் நடத்துற விதம். பிளஸ் டூ, டிகிரி, அப்புறம் தபால்ல எம்.ஏ.ன்னு படிச்சா அது தொலைநிலை மட்டும்தான். டிகிரியே இல்லாம திறந்தநிலை வழியா நேரா எம்.ஏ. சேர்ந்தவங்களோட பட்டம் செல்லாதுன்னு 2009ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. "கரஸ் டிகிரியே செல்லாதாம்"னு ஊர்ல பேச்சு பரவுனதுக்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

திட்டம் போடுற இடத்துலயும் அந்தப் 'பதில்' முக்கியம். பாடம் எழுத, அச்சடிக்க, வீடியோ எடுக்க ஆரம்பத்துல பெரிய செலவு, அப்புறம் ஒவ்வொரு மாணவருக்கும் ஆகுறது கொஞ்சம்தான், அதனால ஏழை நாடுகளுக்கு இது கைகொடுக்குது. 2020 தேசியக் கல்விக் கொள்கை உயர்கல்வி சேர்க்கை விகிதத்தை 26.3லேர்ந்து 2035க்குள்ள 50 சதவீதம் ஆக்கணும்னு சொல்லி, அதுக்கான வழிகள்ல இதையும் வெச்சிருக்கு. ஆனா டியூட்டர், ஸ்டடி சென்டர், அசைன்மென்ட் திருத்துறது, இதுக்கெல்லாம் மாணவர் கூடக்கூட செலவும் கூடும், பட்ஜெட் குறையுறப்போ முதல்ல வெட்டுறதும் இதைத்தான். இக்னோவுல பல கோர்ஸுக்கு அசைன்மென்ட் மார்க் 30 சதவீதம், அந்த 30ஐ ஒருத்தர் உட்கார்ந்து படிச்சுத்தானே போடணும்.

இலங்கையில இதைத் தொலைக்கல்வின்னும் சொல்வாங்க, சின்னதா அழகா இருக்கு. அசைன்மென்ட்டுக்கு ஒப்படைன்னும் ஒப்படைப்புன்னும் ரெண்டு சொல் இருக்கு. கரஸ்பாண்டன்ஸோட வேர்ல இருந்த அந்தப் பதிலுக்குத் தமிழ்ல மறுமொழின்னு பழைய சொல் ஒண்ணு இருக்கு. திருத்தி திரும்பி வர்ற ஒப்படைக்கு நான் அதைத்தான் எழுதுறேன்.