டிரான்செக்ட்: பாதையா, கோடா?

பறவைக் கணக்கெடுப்பில் அடிக்கடி காதில் விழும் சொல் டிரான்செக்ட். லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே. 'செகாரே' என்றால் வெட்டுதல். ஓர் இடத்தை ஊடறுத்துச் செல்லும் கோடு என்பது பொருள். தாவரச் சூழலியலில் நிலத்தின் குறுக்கே அளவுநாடாவைக் கட்டி, அதைத் தொட்டு நிற்கும் செடிகளைக் குறிப்பார்கள். பறவைக் கணக்கெடுப்பில் நாடா கிடையாது. கோடு வரைபடத்தில் இருக்கும். அதன்மேல் ஆள் நடப்பார்.

பிரிட்டனில் 1994 முதல் தன்னார்வலர்களால் நடந்துவரும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் சொல் தெளிவாகும். குலுக்கல் முறையில் தேர்ந்த 1 கி.மீ. சதுரம் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்படும். அதனுள் ஏறத்தாழ 500 மீட்டர் இடைவெளியில் இணையாக இரண்டு கோடுகள். ஒவ்வொன்றும் 1 கி.மீ., ஐந்து 200 மீட்டர் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. முதலில் வாழிடத்தைக் குறிக்க ஒரு நடை. அகலிலைக் காடா, ஊசியிலைக் காடா, கீழ்ப்புதர் அடர்த்தியா என்று துண்டு துண்டாகப் பதிய வேண்டும். பிறகு பறவைகளுக்காக இரண்டு நடை: ஏப்ரல் தொடங்கி மே நடுவுக்குள் ஒன்று, அதன்பின் ஜூன் முடிவதற்குள் மற்றொன்று. இடையில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வுட் வார்ப்ளர் என்னும் கதிர்க்குருவி முதல் நடையின்போது வந்தே இருக்காமல் போகலாம். விடியலின் பாட்டுக் கூச்சல் ஓய்ந்தபின், காலை 6 முதல் 7 மணிக்குள் தொடங்குவது நல்லது.

பறவை கோட்டிலிருந்து 25 மீட்டருக்குள்ளா, 25 முதல் 100 வரையா, அதற்கும் அப்பாலா என்று மூன்று பட்டைகளாகப் பிரித்து எழுத வேண்டும். பறந்து கடப்பவை தனி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தொலைவு உங்களிடமிருந்து அல்ல, கோட்டிலிருந்து செங்குத்தாக. 60 மீட்டர் முன்னால் கோட்டின்மேலேயே ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அதன் தொலைவு சுழியம். முதல் பட்டையில்தான் சேரும். 60 என்று கொண்டு இரண்டாம் பட்டையில் எழுதினால், பறவைகள் உண்மையைவிடத் தொலைவிலிருந்தே கண்ணில் படுவதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் பறவைகளின் அடர்த்தி உண்மையைவிடக் குறைவாகக் கணக்கிடப்படும். 25 மீட்டர் எவ்வளவு என்பதை முன்கூட்டியே காலால் அளந்து பழகுங்கள். மே மாதத்தில் இலை அடைத்த பிறகு காட்டில் கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். கோல்ட்கிரெஸ்ட் போன்ற ஐந்தாறு கிராம் பறவையின் மெல்லிய உச்சக்குரல் வயதானவர்களுக்குக் கேட்காமலே போகலாம். அந்த இழப்பை எந்தப் பட்டையாலும் ஈடுகட்ட முடியாது.

இனித் தமிழ்ச் சொல். 'குறுக்குவெட்டு' என்பது ஒரு பொருளை வெட்டினால் தெரியும் முகம், இங்கே பொருந்தாது. தமிழ்நாட்டில் புலிக் கணக்கெடுப்புச் செய்திகளில் 'நேர்கோட்டுப் பாதை' என்று எழுதுகிறார்கள். புழக்கத்தில் உள்ள சொல், புரியவும் செய்கிறது. ஆனாலும் 'பாதை' என்றதும் ஏற்கெனவே நடந்து தேய்ந்த வழியே மனத்தில் வரும். அப்படியொரு வழியை மட்டும் பிடித்து நடந்தால், வெளிச்சம் விழும் காட்டு ஓரத்தை விரும்பும் பறவைகள் கணக்கில் மிகும். உட்காட்டுப் பறவைகள் குறையும். குளமோ வேலியோ குறுக்கிட்டால் சற்று விலகி நடக்கலாம் என்பதால் 'நேர்' என்பதும் முழுக்கச் சரியில்லை.

நில அளவை என்ற சொல் நமக்குப் பழக்கமானது. அதையொட்டி 'அளவைக்கோடு' என்பதே பொருத்தம் என்பது எங்கள் முடிவு. 200 மீட்டர் பிரிவு 'கோட்டுத்துண்டு', 25, 100 மீட்டர் எல்லைகளால் பிரியும் பகுதி ஒவ்வொன்றும் 'தொலைவுப் பட்டை'. ஒரே இடத்தில் நின்று எண்ணும் முறையைப் 'புள்ளிக் கணக்கெடுப்பு' என்று தனியே சொல்ல வேண்டும்; அதில் மட்டுமே தொலைவை நிற்பவரிடமிருந்து அளப்பார்கள்.