பில் ரெண்டு, கேபிள் ஒன்று

“சார், நாங்க ரெண்டு கம்பெனில லைன் வாங்கியிருக்கோம் சார். ரெண்டும் எப்படி ஒரே நாள்ல படுக்கும்?”

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை, மத்தியானம் 2 மணி இருக்கும். கோயம்புத்தூரில் லண்டன் வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம், 60 பேர். லண்டனில் இருக்கும் சர்வருக்குள் போய்த்தான் எல்லோரும் வேலை பார்க்கிறார்கள். அன்றைக்கு ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் அடுத்த எழுத்தைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரம் இருந்தது, பாதிப் பேருக்கு இணைப்பே அறுந்து அறுந்து வந்தது. இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, ஜெட்டாவுக்குப் பக்கத்தில் செங்கடலில் சீமீவீ-4, ஐமீவீ என்ற இரண்டு கடலடி இணையக் கேபிள்கள் அறுந்திருந்தன. இந்தக் கேள்வியைக் கேட்ட முதலாளியின் முதல் லைன் சீமீவீ-4-இல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது லைன் ஐமீவீயில்.

நெட்வொர்க் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முதல்முறை கேட்டது 2008 ஜனவரியில், கண்காணிப்பு அறையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில். அன்றைக்கும் இதே சீமீவீ-4 கேபிள்தான். இனிமேல் யாராவது கேட்டால் இந்தக் கட்டுரையின் லிங்கை அனுப்பிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. “இன்டர்நெட் சாட்டிலைட்டில்தானே வருகிறது” என்பவர்களோடு நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் ஏறக்குறைய 99 சதவீதம் கடலடிக் கேபிளில்தான் போகிறது, முடிந்தது. எனக்கு எரிச்சல் மூட்டுவது அது இல்லை. விஷயம் தெரிந்தவர்கள், ஐடி மேனேஜர் என்று கார்டு வைத்திருப்பவர்கள், கம்பெனியையும் கேபிளையும் ஒன்றென்று நினைக்கிறார்கள் பாருங்கள், அதுதான்.

சீமீவீ-4 யாருடையது? தென்கிழக்கு ஆசியா, மத்தியக் கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்ற மூன்று ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர்; தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது ‘சீ-மீ-வீ’. 2004 மார்ச் 27 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். கட்டியது பிரான்சின் அல்காடெல்லும் ஜப்பானின் ஃபுஜிட்சுவும், செலவு சுமார் 50 கோடி டாலர். 2005 டிசம்பரில் வேலை முடிந்தது. சிங்கப்பூரின் துவாஸில் தொடங்கி மலேசியா, தாய்லாந்து, வங்கதேசத்தின் காக்ஸ் பஜார், சென்னை, கொழும்பு, மும்பை, கராச்சி, ஃபுஜைரா, ஜெட்டா என்று போய், சூயஸில் கரையேறி எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, அலெக்சாண்டிரியாவில் மறுபடி கடலில் இறங்கி, கடைசியில் பிரான்சின் மார்செய். மொத்தம் சுமார் 18,800 கிலோமீட்டர். ஆழ்கடலில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுதான் தடிமன், அதற்குள் முடி மாதிரி கண்ணாடி இழை இரண்டே ஜோடி. ஆரம்பத்தில் வடிவமைத்த கொள்ளளவு நொடிக்கு 1.28 டெராபிட். பின்னாளில் இரண்டு முனைகளிலும் இருக்கும் கருவிகளை மாற்றி மாற்றி அதைப் பல மடங்கு ஆக்கினார்கள். கடலுக்கடியில் கிடக்கும் இழை அதே பழைய இழைதான்.

சரி, முதலாளிகள் எத்தனை பேர்? 16 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து போட்ட கேபிள் இது. இந்தியாவிலிருந்தே இரண்டு பேர்: பார்தியும் (ஏர்டெல்காரர்கள்), பிறகு டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறிய விஎஸ்என்எல்லும். இலங்கையிலிருந்து ஸ்ரீலங்கா டெலிகாம். இந்த 16 பேரும் தங்கள் பங்கை விற்கிறார்கள், அவர்களிடம் வாங்கியவர்கள் இன்னும் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள், அவர்கள் உங்களுக்கு விற்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரிடம் பேரம் பேசி, இரண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, மாசாமாசம் இரண்டு பில் கட்டி, ஒரே கேபிளின் ஒரே இழை ஜோடியில் பக்கத்துப் பக்கத்து அலைநீளத்தில் பயணம் செய்யலாம். திருச்சி போகும் ஒரே பஸ்ஸில் இரண்டு ஏஜென்ட்டிடம் டிக்கெட் வாங்கினால் பஸ் இரண்டாகிவிடுமா?

2008 ஜனவரி 30 அன்று, முதல்முறை என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட வாடிக்கையாளருக்கு நடந்தது அதுதான். அலெக்சாண்டிரியாவுக்குப் பக்கத்தில் சீமீவீ-4-உம் ஃப்ளாக் என்ற இன்னொரு கேபிளும் ஒரே நாளில் அறுந்தன. இந்தியாவின் இணையக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி போயிற்று. கப்பல் நங்கூரம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், எகிப்து அரசோ அந்த நேரத்தில் அங்கே கப்பலே இல்லை என்றது. அடுத்த இரண்டு நாளில் துபாய்க்கு அருகே ஃபால்கன் கேபிளும் அறுந்தது. அங்கே யாரோ விட்டுப்போன 5, 6 டன் நங்கூரம் ஒன்று கிடைத்தது. அதற்குள் சதி, போர் என்றெல்லாம் மெயில் ஃபார்வர்டு கிளம்பிவிட்டது. உலகம் முழுக்க வருஷத்துக்கு 150, 200 இடத்தில் கேபிள் பழுதாகிறது, அதில் முக்கால்வாசி மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும்தான் என்று சொன்னால் யாருக்கும் சுவாரசியமாக இல்லை. (சுறா கடிக்கிறதாமே என்று கேட்காதீர்கள். சுறா பாவம்.)

அதே வருஷம் டிசம்பர் 19, மத்தியதரைக் கடலில் சிசிலிப் பக்கம் சீமீவீ-4, சீமீவீ-3, ஃப்ளாக் மூன்றும் போயின. 2013 மார்ச் 27 அன்று, ஒப்பந்தம் போட்ட அதே தேதியில், அலெக்சாண்டிரியா கரைக்கு அருகே கேபிள் அறுத்துக்கொண்டிருந்த மூன்று முக்குளிப்பவர்களைப் பிடித்ததாக எகிப்து ராணுவம் அறிவித்தது. அன்றைக்கும் சீமீவீ-4 படுத்தது. அப்புறம் 2025.

இந்தப் பட்டியலைக் கவனித்தீர்களா? தனியாக அறுந்த கதை இதில் குறைவு. அறுந்தால் கூடவே பக்கத்துக் கேபிளும் போகிறது. காரணம் சாதாரணம்: இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் குறுக்கு வழி என்றால் செங்கடலும் எகிப்தும்தான், எல்லோரும் அதிலேயே கேபிள் போட்டிருக்கிறார்கள். செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப்பின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். 2024 பிப்ரவரியில் ஏவுகணை தாக்கிய ரூபிமார் என்ற சரக்குக் கப்பல், நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்து போய் அந்தப் பகுதியில் கேபிள்களை அறுத்ததாகத்தான் சொல்கிறார்கள். ஏமன் பக்கத்துக் கடல், சண்டை நடக்கும் இடம், அனுமதி வாங்கிப் பழுது பார்க்க மாதக்கணக்கானது.

ஆகவே கோயம்புத்தூர் முதலாளி 2008 வாடிக்கையாளரைவிட ஒரு படி மேல். அவருக்குக் கேபிளும் இரண்டு, கடல்தான் ஒன்று. ஐமீவீயும் மும்பையிலிருந்து அதே செங்கடல் வழியாக மார்செய்தான் போகிறது. “இப்போ சீமீவீ-6 சென்னைக்கு வந்துடுச்சாமே, அதுல மாத்திக்கலாமா” என்று கேட்டார். வந்துவிட்டது, 2024 டிசம்பரில் கரை சேர்ந்தது, அருமையான கேபிள். அதுவும் ஐரோப்பாவுக்கு எகிப்து வழியாகத்தான் போகிறது ஐயா.

இனி செய்ய வேண்டியது. லைன் வாங்கும்போது எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எந்தக் கேபிள், எந்தக் கடல், எந்த ஊரில் கரையேறுகிறது என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். “ஃபுல்லி டைவர்ஸ் சார்”, அதாவது முழுக்கத் தனித்தனி வழி, என்று விற்பனைப் பையன் சொல்வது எழுத்து ஆகாது. கேபிள் போனால் எந்த வழியில் திருப்பிவிடுவார்கள் என்பதையும் கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் திருப்பிவிடுவதே கிடையாது, அதனால்தான் அது விலை குறைவு. கேபிளைக் கேட்ட கையோடு தரைவழியையும் கேளுங்கள், ஏனென்றால் என் அனுபவத்தில் கடலில் அறுந்ததைவிட ரோட்டோரம் ஜேசிபி பிடுங்கியதுதான் அதிகம். இரண்டு லைனும் உங்கள் தெருமுனையில் ஒரே குழிக்குள் இறங்குகிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் லண்டனுக்கு பிங் போட்டு, அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, எண்ணைக் குறித்து வையுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து 140 மில்லிசெகண்ட் வாக்கில் வரும். படுத்த பிறகு “முன்னாடி எவ்வளவு இருந்துச்சு” என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் லைனைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் செய்ய மாட்டார்கள். சோதித்துப் பார்க்காத பேக்கப் மண்குதிரை.

படகில் போகும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். வலையோ நங்கூரமோ அடியில் எதிலோ மாட்டி வரமாட்டேன் என்கிறதென்றால், கடல் வரைபடத்தில் கேபிள் கோடு அங்கே இருந்தால், இஞ்சினைப் போட்டு இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். கேபிளில் ஒளியைப் பெருக்கும் கருவிகளுக்காக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுகிறது; படகு சாயும் ஆபத்தும் உண்டு. கயிற்றை விட்டுவிட்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். நங்கூரம் போனால் வலிக்கும்தான், தெரியும்.

கோயம்புத்தூர் கதைக்கு வருகிறேன். ஐமீவீ லைன் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று உலகத்தைச் சுற்றி லண்டன் சேரும் ஒரு லைன் வாங்கவைத்தேன். விலை ஒன்றும் குறைவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. ரூட்டரின் பின்னால் ‘லைன் 1’ என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின வயரை அவரையே பிடுங்கச் சொன்னேன், கை நடுங்கியது மனுஷனுக்கு. பிடுங்கினார். 1 நிமிஷம், 2 நிமிஷம், 5 நிமிஷம், ஒன்றும் எழவில்லை. தேடினால் ரூட்டரில் இரண்டாவது லைனுக்கு எழுதியிருந்த முகவரி, எந்தக் காலத்திலோ மூடிய பழைய லைனுடையது. செப்டம்பரில் செங்கடல் சும்மா இருந்து, முதல் லைன் மட்டும் போயிருந்தாலும் இவர்கள் படுத்திருப்பார்கள். அதைத் திருத்திவிட்டு மறுபடி பிடுங்கச் சொன்னேன். 40 நொடியில் லைன் 2 ஏறிவிட்டது. பிங் போட்டோம்: 340.

“மெதுவா இருக்கே சார்?”

“மெதுவா இருந்தாத்தான் சார் அது கிழக்கே போகுதுன்னு அர்த்தம்.”

அந்த 340-ஐ ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, ரூட்டர் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன். ஜனவரியில் மறுபடி பிடுங்கவேண்டும்.