‘பாக்சிங் டே’ குத்துச்சண்டை நாள் அல்ல

கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26-ஐ ஆங்கிலத்தில் ‘பாக்சிங் டே’ என்பார்கள். டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால், அன்று தொடங்கும் மெல்போர்ன் மைதானத்துக் கிரிக்கெட் டெஸ்ட் போட்டியைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘குத்துச்சண்டை நாள் டெஸ்ட்’ என்ற தொடர் தலைகாட்டுகிறது. ஒருமுறை என்றால் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம். ஆண்டுதோறும் வருகிறது. காணொளிகளின் அடியில் ஓடும் வரிகளில் வருகிறது. ‘இன்று என்ன நாள்’ வகைத் துணுக்குகளில் ‘டிசம்பர் 26: குத்துச்சண்டை தினம்’ என்று வருகிறது. அதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை, அன்று உலகமெங்கும் கையுறை மாட்டிக்கொண்டு மோதுகிறார்கள் என்றுதானே நினைக்கும்? அந்த நாளுக்கும் குத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆங்கிலத்தில் ‘பாக்ஸ்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. அடி, குத்து என்ற பொருள் தருவது ஒன்று. அதன் பிறப்பு தெளிவாகத் தெரியவில்லை. பெட்டி என்ற பொருள் தருவது மற்றொன்று. இது கிரேக்கத்தில் ஒரு மரத்தின் பெயராக இருந்து, அந்த மரத்தில் கடைந்த சிமிழுக்கு ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டிசம்பர் 26-ன் பெயரில் இருப்பது இந்த இரண்டாவது சொல். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடைகளில் தொழில் பழகிய பையன்கள், மேலே கீறல் விட்ட மண்கலம் ஒன்றை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் அதில் காசு போடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கலத்தை உடைத்துக் காசைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நம் மண் உண்டியலேதான். கடற்படை நிர்வாகி சாமுவேல் பீப்ஸ், 1663 டிசம்பர் 19 அன்று செருப்புக் கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, அங்கிருந்த பையன்களின் பெட்டியில் கிறிஸ்துமஸுக்காகக் கொஞ்சம் போட்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாளடைவில் கலம் போய், ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்பது கொடுக்கும் காசுக்கே பெயராயிற்று. தபால்காரர், பால்காரர், குப்பை அள்ளுபவர், வீட்டு வேலையாள் எனப் பலரும் பண்டிகைக்கு மறுநாள் வந்து அதை வாங்கிப்போனார்கள். அப்படி வாங்கும் நாள் ‘பாக்சிங் டே’ ஆயிற்று. 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து மூன்றிலும் டிசம்பர் 26-ஐ விடுமுறையாக்கியது. ஸ்காட்லாந்துக்கான பட்டியலில் அந்த நாள் இல்லை.

சொல் வரலாறு இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆங்கில அகராதியைப் புரட்டினால் போதும். புரட்டாததுதான் என் வருத்தம்.

‘குத்துச்சண்டை நாள்’ என்று எழுதுபவர்கள் சிலர் அதற்கு ஆதாரமும் காட்டுகிறார்கள். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் ஜாக் ஜான்சன், டாமி பர்ன்ஸை வீழ்த்தி, உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். உண்மை, குத்துச்சண்டை வரலாற்றின் மிகப் பெரிய நாட்களில் ஒன்று அது. ஆனால், நாளின் பெயர் அதற்கு நெடுங்காலம் முந்தியது. ஜான்சன் பிறப்பதற்கு முன்பே, 1866இல் அதே டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் அணி, மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்புடன் மோதியது. அந்த அணியில் ஆடிய ஜானி முல்லாவின் பெயரால்தான் இன்று மெல்போர்ன் டெஸ்டின் சிறந்த ஆட்டக்காரருக்குப் பதக்கம் தருகிறார்கள். 2020இல் முதன்முதலாக அதைப் பெற்றவர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அஜிங்கிய ரஹானே. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணியை வைத்துக்கொண்டு சதம் அடித்து வென்ற போட்டி அது. இங்கிலாந்தில் 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டு, ஹாலம் என்ற இரண்டு கால்பந்து கிளப்புகள் மோதின. விடுமுறை நாள், மக்கள் கூடுவார்கள், அதனால் விளையாட்டு நடக்கும். 1908இல் சிட்னியில் மேடை போட்டதற்கும் காரணம் அதுதான். விடுமுறையால் ஆட்டம் வந்ததே தவிர, ஆட்டத்தால் நாளுக்குப் பெயர் வரவில்லை.

இந்தத் தவறு வெறும் விளையாட்டுப் பக்கத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பாக்சிங் டே சுனாமி’ என்று குறிப்பிடுவது வழக்கம். அதையும் ஒருவர் ‘குத்துச்சண்டை நாள் சுனாமி’ என்று தமிழாக்கியிருந்ததைப் படித்தேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கரையிலேயே அடித்துச் செல்லப்பட்டார்கள். முல்லைத்தீவிலும் குளச்சலிலும் கடலூரிலும் இன்றும் டிசம்பர் 26 அன்று கடற்கரையில் பால் ஊற்றி, மலர் தூவி அழுகிறார்கள். அந்த நாளுக்குத் தமிழில் பெயர் தேட வேண்டிய தேவையே இல்லை. ‘டிசம்பர் 26’ என்றாலே கடலோரத்துத் தமிழர்களுக்குத் தெரியும். அங்கே ஆங்கில விடுமுறையின் பெயரைக் கொண்டுவந்ததே பிழை. அதிலும் குத்துச்சண்டையைக் கொண்டுவந்தது பொறுக்க முடியாத பிழை. மொழிபெயர்ப்பவர் தன் முன்னால் இருக்கும் வாக்கியம் யாரைப் பற்றியது என்று ஒரு கணம் நினைத்திருந்தால் அது நடந்திருக்காது.

அடுத்து, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் முன்வைக்கும் ‘பெட்டி நாள்’. குத்துச்சண்டையைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏற்க மாட்டேன். ஆங்கிலேயர் காதில் ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்றால் பண்டிகைக் காசு என்று விழுந்தது. தமிழர் காதில் பெட்டி என்றால் என்ன விழும்? வாக்குப்பெட்டி, நகைப்பெட்டி, பயணப்பெட்டி, சவப்பெட்டி. தேர்தல் காலமானால் ‘பெட்டி வாங்கினார்’ என்பதற்கு வேறு பொருளும் உண்டு. ‘பெட்டி நாள்’ என்று படிப்பவர் மனத்தில் கொடுப்பதும் வாங்குவதும் தோன்றவே தோன்றாது. தோன்றாததால்தான், பெட்டியை விளக்கக் கதைகள் முளைக்கின்றன. தேவாலய உண்டியலை அன்று திறந்து ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்று ஒரு கதை; பிரபுக்கள் மிச்ச உணவைப் பெட்டியில் கட்டி வேலையாட்களிடம் கொடுத்தனுப்பினார்கள் என்று ஒரு கதை; பரிசுப் பெட்டிகளைப் பிரிக்கும் நாள் என்று கடைக்காரர்களுக்கு வசதியாக இன்னொரு கதை. உண்டியல் கதையும் பிரபுக் கதையும் ஆங்கிலத்திலேயே பல காலமாகச் சொல்லப்படுபவை. ஆனால், நாளின் பெயர் அவற்றிலிருந்து வந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பையன்களின் கலத்துக்கும் கிறிஸ்துமஸ் காசுக்கும் பீப்ஸ் போன்றவர்களின் எழுத்தே சான்று. ‘உண்டியல் நாள்’ என்றால் பொருள் வரலாற்றுக்கு நெருங்கி வருகிறது. ஆனால், நமக்கு உண்டியல் என்றால் முதலில் கோயில்தான்; வாசகர் பழனிக்கும் திருப்பதிக்கும் போய்விடுவார்.

இந்த இடத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் நாட்களுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘நல்ல’ என்று சொல்லப்படும் வெள்ளிக்கிழமையை அவர்கள் நல்ல வெள்ளி ஆக்கவில்லை. பெரிய வெள்ளி என்றார்கள், புனித வெள்ளி என்றார்கள். பனை ஞாயிறு என்று எழுதாமல் குருத்தோலை ஞாயிறு என்றார்கள். கையில் பிடிப்பது எது என்று பார்த்து வைத்த பெயர் அது. நெற்றியில் சாம்பல் பூசும் புதனுக்குக் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர் திருநீற்றுப் புதன். இதைவிடத் துணிச்சலான, இதைவிடத் தெளிவான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை. டிசம்பர் 26-க்கே அப்படி ஒரு பெயர் அவர்களிடம் இருக்கிறது. கிறிஸ்தவத்துக்காக உயிர் கொடுத்தவர்களில் முதல்வரான, அதாவது முதல் மறைசாட்சியான, ஸ்தேவானின் திருநாள் அது. கிரேக்கத்தில் அவர் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள். அதை அறிந்த பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை முடியப்பர் என்று அழைத்தார்கள். முடியப்பன் என்று பிள்ளைகளுக்குப் பெயரும் வைத்தார்கள். கல்லெறிந்து கொல்லப்பட்டவர் தலையில் முடி சூட்டிய பெயர்! அதே ஸ்தேவான், கைம்பெண்களுக்கான அன்றாடப் பங்கீட்டைக் கவனிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவர் என்கிறது விவிலியம். ஒரு சொல்லை மொழிபெயர்க்க இவ்வளவு உழைத்தவர்கள் வாழ்ந்த மொழியில், ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகக் குத்துச்சண்டையை ஒட்டுகிறோம். கணினி மொழிபெயர்ப்பு தந்ததை அப்படியே வெளியிடும் பழக்கம் இதை இன்னும் பெருக்குகிறது. கணினி தந்தது என்பது எப்படிச் சாக்காகும்? கீழே பெயர் போட்டுக்கொள்பவர் ஒருவர் இருக்கிறாரே.

சரி, எந்தச் சொல்? தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் முதலில் கை வைப்பது ஈகை. ஆனால், ஈகைத் திருநாள் என்பது ரமலான் பெருநாளுக்கு உரிய பெயராக நிலைத்துவிட்டது. அதை இரவல் வாங்கக் கூடாது. கொடை என்றால் திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் அம்மன் கோயில் கொடை. நன்கொடை என்றால் ரசீது தரும் நிறுவனம் நினைவுக்கு வருகிறது. வெகுமதி வென்றவருக்கு உரியது. அன்பளிப்பு திருமண வீட்டுக்கு உரியது, அரசு அலுவலகத்தில் அதன் பொருளே வேறு. போனஸ் 1965ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்குத் தந்த உரிமை. விருப்பப்பட்டுக் கொடுப்பதோடு அதைக் குழப்புவது உழைப்பவருக்கு அநியாயம். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டு அன்று நல்ல நேரம் பார்த்துப் பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேடம் அழகான சொல், எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால், அதன் உயிர் ஆண்டின் முதல் காசு என்பதில் இருக்கிறது. உழைப்புக்கான நன்றி அதில் முதன்மை அல்ல.

மிஞ்சுவது இனாம். தபால்காரர் தீபாவளிக்கு மறுநாள் வாசலில் நின்று கேட்பது தீபாவளி இனாம். துப்புரவுப் பணியாளருக்கும் கூர்க்காவுக்கும் கொடுப்பது பொங்கல் இனாம். கொடுப்பவரும் வாங்குபவரும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும் சொல். ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்பதற்குக் கிறிஸ்துமஸ் இனாம் என்பது அச்சு மாறாமல் பொருந்துகிறது. அதே பண்டிகை மறுநாள், அதே ஆட்கள், அதே சில்லறை. ஆகவே ‘பாக்சிங் டே’ இனாம் நாள்.

அரபுச் சொல் ஆயிற்றே என்பார்கள். ஆம், அரபுச் சொல்தான். இனாம் நிலம் என்று பட்டாவில் ஏறி, இனாம்தார் என்று பதவிப் பெயராகி, இனாம் ஒழிப்புச் சட்டம் என்று 1963இல் சட்டமன்றத்திலும் நுழைந்த சொல் அது. இனாம் கரூர், இனாம்குளத்தூர் என்று ஊர்ப்பெயர்களில் உட்கார்ந்திருக்கிறது. தமிழன் காதுக்குத் தெரியாத தனித்தமிழ்ச் சொல்லைவிட, தமிழன் வாசலில் நிற்கும் வந்தேறிச் சொல் எனக்கு நெருக்கம். தூய்மையை நானும் மதிக்கிறேன்; தினம் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் நாள் என்றே எழுதுபவன் நான். ஆனால், தூய்மைக்காகப் பொருளைப் பலி கொடுக்க மாட்டேன். ஒரு தடை மட்டும் உண்மையானது: ‘இனாமாகக் கிடைத்தது’ என்றால் உழைக்காமல் கிடைத்தது என்று ஓர் இளக்காரம் ஒட்டியிருக்கிறது. அந்த இளக்காரம் ‘இனாமாக’ என்பதில்தான் இருக்கிறது. பண்டிகைப் பெயரோடு சேர்ந்த இனாமில் கிடையாது. பொங்கல் இனாம் வாங்குபவரை எவரும் ஓசியில் வாங்கினார் என்று சொல்வதில்லை.

பெயர் எல்லா இடத்திலும் ஒன்றே என்று எண்ணிவிடவும் கூடாது. அயர்லாந்துக்காரர்கள் அந்த நாளைப் புனித ஸ்தேவான் நாள் என்றே சொல்கிறார்கள். அங்கிருந்து வரும் செய்தியில் முடியப்பர் திருநாள் என்று எழுதினால் இரண்டு மரபுக்கும் மரியாதை. ஜெர்மனியில் அது கிறிஸ்துமஸின் இரண்டாம் நாள். தென்னாப்பிரிக்கா பெயரையே மாற்றி நல்லெண்ண நாள் ஆக்கிவிட்டது. டர்பன் தமிழர்களைப் பற்றி எழுதுபவர் அதை மறக்க வேண்டாம். அந்நாட்டின் செஞ்சூரியன் மைதானத்தில் அன்று டெஸ்ட் தொடங்கினால் அதைக் கிரிக்கெட் உலகம் இன்னும் பழைய பெயரில் அழைத்தாலும், அந்நாட்டின் நாட்காட்டியில் நாளின் பெயர் நல்லெண்ண நாள்தான். கடலோரத்துச் செய்தியில் டிசம்பர் 26 என்ற தேதி மட்டும். இடம் போதாத சிறு தலைப்பில் மெல்போர்ன் போட்டியைப் ‘பாக்சிங் டே டெஸ்ட்’ என்று ஒலிபெயர்த்து எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. தமிழில்தான் எழுதுவேன் என்பவருக்கு, இனாம் நாள் டெஸ்ட்.