‘குட்’டுக்குள் வந்து உட்கார்ந்த எல்

சி, ஓ, யு, எல், டி. எழுத்து ஐந்து, வாயில் வருவது ‘குட்’. தமிழில் எழுதும்போது ‘நல்ல’ என்ற பொருள் தரும் குட்டும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது ‘கேன்’ என்ற வினையின் இறந்தகால வடிவம்.

நடுவில் உள்ள எல் அங்கே என்ன செய்கிறது? ஒன்றுமில்லை. ‘ஷுட்’, ‘வுட்’ இரண்டிலும் எல் ஒரு காலத்தில் ஒலித்தது. அவற்றின் மூலமான ‘ஷால்’, ‘வில்’ இரண்டிலும் இன்றும் ஒலிக்கிறது. ‘கேன்’ வம்சத்திலோ எல்லே கிடையாது. கூடவே திரியும் இரண்டு சொற்களைப் பார்த்து, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுதியவர்கள் இதற்கும் ஒன்றைச் செருகிவிட்டார்கள். ஒலிப்பிழை அல்ல, சகவாச தோஷம்.

‘கேன்’ பழைய ஆங்கிலத்தில் ‘அறிவது’ என்றும் பொருள்பட்டது. ‘அவளுக்கு நீந்தத் தெரியும்’ என்று சொல்லும் நமக்கு, அறிவு திறமையாக மாறும் இந்த வழி புதிதல்ல.

நாம் தடுக்கி விழும் இடம் வேறு. ஐந்து வயதில் எனக்கு நீந்த முடிந்தது என்பதற்கு ‘ஐ குட் ஸ்விம்’ சரி. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது என்பதற்கு ‘ஐ குட் கேட்ச் த பஸ்’ என்றால் தவறு. ‘வாஸ் ஏபிள் டு’ வேண்டும். ‘குட்’ திறமை இருந்ததை மட்டும் சொல்கிறது, காரியம் நடந்ததைச் சொல்வதில்லை. நம் ‘முடிந்தது’ இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவதால் வரும் வினை இது. எதிர்மறையில் மட்டும் சிக்கல் இல்லை: பிடிக்க முடியவில்லை என்றால் பஸ் போய்விட்டது, அவ்வளவுதான். அங்கே ‘குடன்ட்’ தாராளமாகப் பொருந்தும்.

‘குட் யூ ஓபன் த விண்டோ?’ என்று கேட்பவர் நேற்றைய ஜன்னலைப் பற்றிக் கேட்கவில்லை. நிகழ்காலத்திலிருந்து ஓரடி பின்வாங்கி நின்று கேட்கிறார். மறுப்பதற்கு இடம் விடுகிறார். நாம் ஒருவரையே பலராக்கி ‘திறக்கிறீர்களா?’ என்கிறோம். அவர்கள் காலத்தை நகர்த்துகிறார்கள், நாம் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். இரண்டிலும் கிடைப்பது அதே இடைவெளிதான்.

‘இட் குட் ரெய்ன்’ என்பதும் இறந்தகாலம் அல்ல. மழை வந்தாலும் வரும்.

‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’ என்று ஒருவர் சொன்னால் அது இலக்கணத்தைவிட மனத்தாங்கல். ஆங்கிலத்தில் அதைக் குரல்தான் காட்ட வேண்டும். தமிழில் கடைசி ஏகாரமே போதும்: ‘என்னிடம் சொல்லியிருக்கலாமே!’