வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைச் சரிசெய்ய வந்தவரே வீட்டைக் கெடுத்துவிட்டால் எங்கே போவது?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியில் என் சித்தி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, வடிய நாள்கணக்காகிவிட்டது. அந்தத் தண்ணீர் செய்த சேதத்தைவிட, சரிசெய்து தருகிறேன் என்று வந்த காண்ட்ராக்டர் செய்த சேதம்தான் அதிகம். ஈரம் காயாத சுவரின் மேல் பூச்சு பூசினார், மூன்று மாதத்தில் உப்பு பூத்துக் கொட்டியது. தரையை உயர்த்துகிறேன் என்று ரப்பிஷ் கொட்டிக் கெட்டிப்படுத்தியதில் கழிவுநீர்க் குழாய் உடைந்து, புது டைல்ஸுக்கு அடியில் சாக்கடை ஊறத் தொடங்கியது. கேட்டால், "அது வெள்ளத்தில் கெட்டதும்மா, நான் என்ன பண்ண முடியும்" என்றார்.

காவல் நிலையத்தில் இது சிவில் மேட்டர் என்றார்கள். வார்டு அலுவலகத்தில் தனியார் விவகாரம் என்றார்கள். தாலுகா அலுவலகத்தில் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் வாங்கிவிட்டீர்களே என்றார்கள், அந்தப் பணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். சித்தி வேலைக்குப் போகாமல் ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தார். எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் கட்டட வேலை, பழுது வேலை எல்லாம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு 'சேவை'. அதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் சேவைக் குறைபாடு. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்கலாம், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். வட சென்னைக்குத் தனி ஆணையம் பார்க் டவுனில் இருக்கிறது. காண்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே மனு போடலாம், இது 2019 சட்டத்தில் வந்த வசதி. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். வேலைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. வாசலில் யாராவது பத்தாயிரம் ஆகும், இருபதாயிரம் ஆகும் என்று பேசினால் நிற்காமல் உள்ளே போங்கள்.

ஆனால் உள்ளே போனவர்கள் எல்லோரும் ஜெயிக்கவில்லை. எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் சறுக்கல், கூலியா காண்ட்ராக்டா என்பது. நீங்களே சிமெண்ட், மணல் வாங்கிப் போட்டு, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தினக்கூலி கொடுத்து, இதை இப்படிச் செய் அதை அப்படிச் செய் என்று பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால், அது சட்டத்தின் பார்வையில் நீங்கள் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டது. அந்த ஏற்பாடு இந்தச் சட்டத்துக்குள் வராது. மொத்தமாக இவ்வளவு என்று பேசி விட்டிருந்தால், அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் காண்ட்ராக்ட் பேசியிருந்தால் வரும். இதைத் தெரிந்துகொண்டு, பெரிய காண்ட்ராக்டர்கள்கூட ஆணையத்தில் வந்து "நான் வெறும் மேஸ்திரிங்க, கூலிக்கு வந்தவன்" என்று சொல்லப் பார்ப்பார்கள். அதனால் மொத்தத் தொகை பேசியதற்கு ஏதாவது ஒரு தடயம் வேண்டும். எழுதிய எஸ்டிமேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால், "மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம் பேசினோம், இதுவரை 1 லட்சத்து 80 கொடுத்தாச்சு, மீதி வேலை எப்போ" என்று இன்றைக்கே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவர் 'சரிங்க, அடுத்த வாரம்' என்று பதில் போட்டால் அதுவே உங்கள் ஒப்பந்தம்.

இரண்டாவது, பணம் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். வாரியக் குடியிருப்பில் அரசே ஆள் விட்டுப் பழுது பார்த்து அதில் உங்கள் சுவர் விரிசல் விட்டிருந்தால், அல்லது மழைநீர் வடிகால் தோண்ட வந்த மாநகராட்சி ஒப்பந்தக்காரர் உங்கள் வாசல் படியை உடைத்திருந்தால், இந்த வழியில் வராதீர்கள். மாநகராட்சி வேலைக்கு அவர்களுடைய 1913 என்ற போன் எண்ணில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொண்டு, மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் இல்லாத நகலை மனு கொடுத்த கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

வீடு அம்மா பேரில், பணம் போனது மகன் ஜிபேயில் என்றால் குழப்பம் வேண்டாம், சேவையால் பயன்பெற்றவரும் நுகர்வோர்தான். இரண்டு பேரையும் மனுதாரராகப் போட்டுவிடுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் தன் காசில் வேலை செய்திருந்தால் அவரும் கேட்கலாம். "ஈபி பில் உங்க பேர்ல இல்லையே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது அவர்களாகச் சொல்வது, சட்டத்தில் அப்படி இல்லை.

மூன்றாவதுதான் நிறையப் பேரைக் கவிழ்ப்பது, காலக்கெடு. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 2 வருடம். "மழை நிக்கட்டும்", "பொங்கல் முடியட்டும்", "ஆள் ஊருக்குப் போயிருக்கான்" என்று அவர் வாய்தா சொல்லிக்கொண்டே போனாலும் அந்தக் கணக்கு நிற்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோமே என்று காத்திருப்பதும் இதே தப்புதான். பெரிய நிறுவனம் என்றால் அந்த எண்ணால் பலன் உண்டு, தெருமுனை காண்ட்ராக்டரிடம் பெரிதாக எடுபடாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. கெட்டுப்போன வேலையைப் பதிவு செய்யாமல் இன்னொருவரை விட்டு இடித்துச் சரிசெய்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இதில்தான் தோற்றன. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது சாக்கடை நாற்றத்தோடு எத்தனை நாள் இருப்பது என்று அவசரப்பட்டார்கள், நியாயமான அவசரம்தான், ஆனால் ஆணையத்தில் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. இடிப்பதற்கு முன் வீடியோ எடுங்கள், தெருவிலிருந்து ஆரம்பித்து வாசல், அறை, சேதம் என்று ஒரே ஓட்டமாக, வெட்டாமல். வெள்ளத் தண்ணீர் நின்ற கறைக்கோடு சுவரில் தெரிந்தால் அதையும் எடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் விரிசலை வெள்ளத்தின் தலையில் கட்டுவது கஷ்டம். ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தியவர்கள், உயர்த்துவதற்கு முன்பு எடுத்த போட்டோ பழைய போனில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து அவர் லெட்டர்ஹெட்டில் அறிக்கை வாங்குங்கள். சேதம் என்ன, காரணம் வெள்ளமா வேலையா, சரிசெய்ய எவ்வளவு ஆகும், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். காரணம் எழுதாத அறிக்கையால் பிரயோஜனமில்லை. மின்கசிவு மாதிரி ஒருநாள்கூடத் தள்ள முடியாத விஷயம் என்றால் படம் எடுத்துவிட்டு உடனே சரிசெய்யுங்கள், கழற்றிய வயர், உடைந்த குழாய்த் துண்டு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

காண்ட்ராக்டரின் வீட்டு முகவரி இல்லாமல் மனு நகராது. போன் நம்பர் போதாது. நோட்டீஸ் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்து, திரும்பி வந்து, மாதங்கள் போகும். உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியவரிடம் கேளுங்கள், அவர் சிமெண்ட் எடுக்கும் ஹார்டுவேர் கடையில் கேளுங்கள், சண்டை முற்றுவதற்கு முன்பே கேளுங்கள்.

முகவரி கிடைத்ததும் 15 நாள் அவகாசம் கொடுத்து நீங்களே ஒரு நோட்டீஸ் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில்தான் ஏரியா பெரிய மனிதர்கள் வந்து பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பதினைந்தாயிரம் கையில் கொடுத்து, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை, முழு திருப்தி' என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் வழக்கு அங்கேயே முடிந்த மாதிரி. பணம் வாங்குவது தப்பில்லை, 'பகுதித் தொகை மட்டும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நேரில் போனால் மனுவும் ஆவணங்களும் மூன்று செட், அதோடு எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட். பக்கங்களுக்கு எண் போடுங்கள், தேதிவாரியாக நடந்ததை ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். ஏதாவது குறை சொல்லித் திருப்பினால் என்ன குறை என்று எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தைக்கு நடக்க ஆரம்பித்தால் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும். மனு எழுதத் தெரியாது, தனியாக நிற்க பயம் என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களையும் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தனியாகக் குறிப்பிடுகிறது. வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். வழக்கு 3 மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் அதைவிட இழுக்கும், அதற்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாய்தாவுக்கு மட்டும் தவறாமல் போங்கள். நீங்கள் வராததால் மனு தள்ளுபடியாவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. உத்தரவு வந்த பிறகும் அவர் பணம் தராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு 3 வருடம் வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் மேல்முறையீடு போவதாக மிரட்டினால் போகட்டும், உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் அவர் போக முடியும்.